பிடித்தவரை யாரிடம் ஒப்படைப்பது? அமைதிகாப்புப் பணிக்குச் செல்லவிருக்கும் காவலர்களுக்கு

டர்பனைச் சுற்றியுள்ள சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ், வெருலம் பகுதிகளிலிருந்து காவல்துறையில் சேர்ந்த நம் பிள்ளைகளில் சிலர், ஐக்கிய நாடுகள் அவையின் அமைதிகாப்புப் பணிக்கு விண்ணப்பிக்க விரும்புகிறார்கள். கோவிலில் சந்திக்கும்போது, “அக்கா, அங்கே துப்பாக்கி கொடுப்பார்களா? படி எவ்வளவு கிடைக்கும்?” என்று கேட்கிறார்கள். இரண்டும் நியாயமான கேள்விகள்தாம். ஆயினும் சூடானின் டார்ஃபூர் பகுதியில் ஐ.நா. காவலராகப் பணியாற்றியவள் என்ற முறையில், இவற்றுக்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு என்பேன்: அங்கே குற்றம் செய்தவர் ஒருவர் பிடிபட்டால், அவரை யாரிடம் ஒப்படைப்பது?

நம் ஊரில் காவல் நிலையத்தின் சார்ஜ் ஆபிசுக்குப் புகார் வந்தால் டாக்கெட், அதாவது வழக்குக் கோப்பு, திறக்கிறோம். அதற்குப் பின்னால் புலனாய்வாளர், அரசு வழக்கறிஞர், நீதிபதி, சிறை என எல்லாரும் இருக்கிறார்கள். அவர்கள் இருப்பதால்தான் நம் சீருடைக்கு மதிப்பு. போர் நடந்த நாட்டில் காவலர் போய் இறங்கிவிடுகிறார். மற்றவர்கள் இருப்பதில்லை, அல்லது இருந்தும் மக்கள் அவர்களை நம்புவதில்லை. 1999இல் கொசோவோவிலும் கிழக்குத் திமோரிலும் ஐ.நா.வே ஆட்சிப் பொறுப்பை ஏற்றதால், அங்கே சென்ற காவலர்களுக்குக் கைது செய்யவும் விசாரிக்கவும் முழு அதிகாரம் இருந்தது. அவை விதிவிலக்குகள். பெரும்பாலான பணிகளில் ஐ.நா. காவலரின் வேலை கண்காணிப்பதும், ஆலோசனை சொல்வதும், உள்ளூர்க் காவலருக்குப் பயிற்சி தருவதுமே.

இதன் கடினத்தைத் தென்னாப்பிரிக்கர்களாகிய நாம் அண்டை நாட்டிலேயே பார்த்திருக்கிறோம். தென்மேற்கு ஆப்பிரிக்கா என்று அழைக்கப்பட்ட நமீபியாவில், விடுதலைக்கு முன் 1989 ஏப்ரலில் ஐ.நா. பணி தொடங்கியபோது, சட்டம் ஒழுங்குப் பொறுப்பு தென்னாப்பிரிக்க நிர்வாகத்தின் கீழிருந்த தென்மேற்கு ஆப்பிரிக்கக் காவல்துறையிடமே இருந்தது. ஐ.நா. காவலர்கள் ஆயுதமின்றி அவர்களோடு சென்று கண்காணிக்க வேண்டும். கிளர்ச்சியாளர்களை ஒடுக்க அமைக்கப்பட்ட, மக்கள் பெரிதும் அஞ்சிய கூஃபுட் என்ற காவல் பிரிவினர் கண்ணிவெடிக்குத் தாங்கும் கேஸ்பிர் வண்டிகளில் காட்டுவழியே செல்ல, கண்காணிக்க வந்தவர்களால் தங்கள் சாதாரண வண்டிகளில் பின்தொடரக்கூட முடியவில்லை. பின்னர் ஐ.நா. காவலர்களின் எண்ணிக்கை ஏறத்தாழ 1,500 ஆக உயர்த்தப்பட்டது. கூஃபுட்டைக் கலைக்கும்படி ஐ.நா. பாதுகாப்பு அவையே வற்புறுத்த நேர்ந்தது.

டார்ஃபூர் பணிக்கு 2007 ஜூலை 31 அன்று பாதுகாப்பு அவையின் 1769ஆம் தீர்மானம் வழி வகுத்தது. 3,772 காவலர்களும், ஒவ்வொன்றிலும் 140 பேர் வரை கொண்ட 19 ஆயுதக் காவல் பிரிவுகளும் அதில் அனுமதிக்கப்பட்டன. தனி அலுவலர்களாகச் சென்ற எங்களிடம் துப்பாக்கி கிடையாது. போரால் இடம்பெயர்ந்தோரின் முகாம்களிலிருந்து விறகு பொறுக்கச் செல்லும் பெண்கள் வழியில் தாக்கப்பட்டதால், அவர்களோடு துணைக்குச் செல்வது எங்கள் அன்றாடப் பணிகளில் ஒன்றாயிற்று. நாங்கள் சென்ற நாட்களில் அவர்கள் பத்திரமாகத் திரும்பினார்கள். ஆனால் அடுப்பு எல்லா நாளும் எரிய வேண்டும், எங்களால் எல்லா நாளும் செல்ல இயலாது.

பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்ணின் புகாரைக் கையாள்வது இன்னும் கடினம். அதை நாங்கள் விசாரிக்க முடியாது, சூடான் காவல்துறைதான் விசாரிக்க வேண்டும். மருத்துவச் சான்றுக்கு ‘படிவம் 8’ என்ற தாளைக் காவல் நிலையத்திலிருந்து பெற வேண்டும். அதைவிடப் பெரிய அச்சம் ஒன்று இருந்தது. சூடானின் 1991ஆம் ஆண்டுக் குற்றவியல் சட்டம், சம்மதமின்றி நிகழ்ந்த முறையற்ற உறவு (திருமணத்துக்கு வெளியேயான உறவு) என்றே வன்புணர்வை வரையறுத்திருந்ததால், குற்றத்தை மெய்ப்பிக்க இயலாத பெண் தானே முறையற்ற உறவுக் குற்றத்துக்கு ஆளாகும் ஆபத்து இருந்தது. 2015இல்தான் அந்த வரையறை திருத்தப்பட்டது. இந்நிலையில் “புகார் கொடு, தாயே” என்று எந்த வாயால் சொல்வது? சட்டம் தெரியாத அயல்நாட்டுக் காவலர் நல்லெண்ணத்தால் மட்டுமே ஒரு பெண்ணைச் சிறைக்கு அனுப்பிவிடக்கூடும். ஆகவே செல்லும் நாட்டின் சட்டத்தைப் படிப்பது சம்பிரதாயமன்று. அது உயிர் காக்கும் வேலை. பெண் அலுவலர்களும் பெண் மொழி உதவியாளர்களும் போதிய அளவில் வேண்டும் என்று நான் இன்றும் வலியுறுத்துவது இதனால்தான். ஆண் ஒருவர் வழியாக அந்தக் கதையைச் சொல்ல எந்தப் பெண்ணும் முன்வருவதில்லை.

தென்சூடானில் நேர்ந்தது வேறு வகையான நெருக்கடி. 2013 டிசம்பரில் போர் மூண்டபோது ஜூபா, பென்டியு, மலக்கால் ஆகிய இடங்களில் மக்கள் உயிர் தப்ப ஐ.நா. தளங்களுக்குள் ஓடி வந்தார்கள். எல்லாத் தளங்களிலும் சேர்த்து ஒரு கட்டத்தில் சுமார் 2,00,000 பேர் தங்கினர். அத்தனை பேர் நெருங்கி வாழும் இடத்தில் திருட்டும் அடிதடியும் கொலையும் வராமல் இருக்குமா? காவலர்கள் சந்தேக நபரைத் தடுத்து வைக்கலாம், விசாரித்துத் தண்டிக்க முடியாது. அரசிடம் ஒப்படைக்கலாமென்றால், அந்த அரசின் படைகளுக்கு அஞ்சித்தான் அவர் உள்ளே வந்திருக்கிறார். சித்திரவதையோ மரணமோ காத்திருக்கும் இடத்துக்கு ஒருவரை அனுப்பக் கூடாது. வெளியே துரத்தினால் அதுவே மரண தண்டனையாகலாம். உள்ளேயே விட்டால் பாதிக்கப்பட்டவர் அவருக்குப் பக்கத்துக் கூடாரத்தில் வாழ வேண்டும். இதற்கு நல்ல விடை இருந்ததாக நான் நினைக்கவில்லை.

இதைத் தொலைதூர நாட்டுச் சிக்கலாக நாம் எண்ண வேண்டாம். 2021 ஜூலைக் கலவரத்தின்போது காவல்துறை வந்து சேராத பீனிக்சில் குடியிருப்பாளர்களே சாலைத் தடுப்புகளை எழுப்பினார்கள். முப்பதுக்கும் மேற்பட்ட உயிர்கள் அங்கே பறிபோயின. இறந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் கறுப்பின மக்கள். காவல் இல்லாத இடத்தை அச்சம் எத்தனை விரைவில் நிரப்பிவிடுகிறது என்பது நம் தெருக்களுக்கே தெரியும். அந்த வேதனை இன்னும் ஆறவில்லை.

அமைதிப் பணியாளர்களாலேயே மக்களுக்குத் தீங்கு நேர்ந்த நிகழ்வுகளும் உண்டு. உதவி பெறுவோரைப் பாலியல் ரீதியாகப் பயன்படுத்துவதை 2003ஆம் ஆண்டின் ஐ.நா. விதி முற்றாகத் தடை செய்கிறது. இத்தகைய குற்றங்கள் தொடரும் பிரிவைத் திருப்பி அனுப்ப 2016ஆம் ஆண்டின் 2272ஆம் தீர்மானம் வழிசெய்கிறது. ஆனால் தண்டிக்கும் பொறுப்பு பெரும்பாலும் அனுப்பிய நாட்டுக்கே உரியது. நம் நாட்டவர் தவறு செய்தால் நம் நீதிமன்றமே கேட்க வேண்டும். நாமும் கேட்கும்படி வற்புறுத்த வேண்டும்.

டார்ஃபூர்ப் பணி 2020 டிசம்பர் 31 அன்று முடிக்கப்பட்டது. 2023 ஏப்ரலில் சூடானில் மீண்டும் போர் வெடித்தது. 2025இல் டார்ஃபூரின் சம்சம் முகாமும் பின்னர் எல் ஃபாஷர் நகரும், இராணுவத்தை எதிர்த்துப் போரிடும் துணை இராணுவப் படையிடம் வீழ்ந்தன. போரை எங்களைப் போன்ற காவலர்கள் தடுத்திருக்க முடியும் என்று நான் சொல்லவில்லை. மக்கள் அச்சமின்றிப் புகார் கொடுக்கக்கூடிய ஒரு காவல் நிலையமாவது உருவான பின்னரே பணி முடிந்ததாக அறிவிக்க வேண்டும் என்பதே என் வாதம்.

விண்ணப்பிக்கும் தம்பி தங்கையர், அப்பணிக்கான பாதுகாப்பு அவைத் தீர்மானத்தை முதலில் முழுமையாகப் படிக்க வேண்டும். கைது, தடுப்புக்காவல், ஆயுதப் பயன்பாடு ஆகியவை குறித்த எழுத்துபூர்வமான விதிகளைப் பயிற்சியின்போதே கேட்டுப் பெறுங்கள். அலுவலர்கள் ஓராண்டு அளவில் மாறிக்கொண்டே இருப்பதால், உங்களுக்கு முன்பிருந்தவர் எந்தெந்தப் புகார்களைப் பாதியில் விட்டுச் சென்றார், எந்த முகாம் மூத்தோரிடம் என்ன வாக்குக் கொடுத்தார் என்பதை அவர் கிளம்புமுன் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.