மசகு: ‘பயோலூப்ரிகன்ட்’ என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது?

‘பயோலூப்ரிகன்ட்’ என்பதைப் பலரும் ‘உயிரி மசகு’ என்று மாற்றிவிடுகிறார்கள். எனக்கு அது போதவில்லை. அந்த ஒரு சொல்லுக்குள் இரண்டு வேறு பொருட்கள் இருக்கின்றன.

முதலில் வேர். லத்தீனில் ‘லூப்ரிகஸ்’ என்றால் வழுக்கலானது. அதிலிருந்து வந்ததுதான் லூப்ரிகன்ட், அதாவது உராயும் பரப்புகளுக்கு இடையே இட்டு உராய்வைக் குறைக்கும் பொருள். தமிழில் இதற்குப் புதுச்சொல் தேடி அலைய வேண்டியதில்லை. மாட்டுவண்டியின் கடையாணியைக் கழற்றி, சக்கரத்தைச் சற்றே வெளியே இழுத்து, அச்சில் கறுப்பாக ஒன்றைத் தடவுவார்களே, அதுதான் மசகு. வண்டிமை என்றும் சொல்வார்கள். வைக்கோல் கரியை விளக்கெண்ணெயில் குழைத்தால் மை தயார். இன்னொரு சொல் உயவு. பழைய இலக்கியத்தில் இது வருத்தத்தையும் தளர்ச்சியையும் குறிக்கும். ஆனால் வண்டி அச்சுக்கு இடும் எண்ணெயை அகராதி ‘உயவுநெய்’ என்கிறது. பாடநூல்களில் ‘உயவுப்பொருள்’ வந்தது அந்த வழியில்தான். இலங்கையில் ‘உராய்வுநீக்கி’ என்பார்கள். பொருள் உடனே புரியும், ஆனால் உராய்வு முழுதாக நீங்குவதில்லை, குறையத்தான் செய்கிறது. ஆகவே, பொருளுக்கு மசகு, செயலுக்கு உயவு என்று வைத்துக்கொள்வதே எனக்குச் சரியாகப் படுகிறது.

சரி, அந்த இரண்டு பொருட்கள் எவை?

ஒன்று, தாவர எண்ணெயில் செய்வது. மண்ணில் சிந்தினால், பெட்ரோலியத்திலிருந்து எடுக்கும் கனிம எண்ணெயைவிட விரைவாக மட்கும். விளக்கெண்ணெய் இதில் மூத்தது. முதல் உலகப்போர் விமான எஞ்சின்களில் அது ஓடியது. ‘காஸ்ட்ரால்’ என்ற எஞ்சின் எண்ணெயின் பெயரே ‘காஸ்டர் ஆயில்’ என்பதிலிருந்து பிறந்ததுதான். குறையும் உண்டு: சூட்டிலும் காற்றிலும் தாவர எண்ணெய் பிசுக்காகிவிடும். இதைத் ‘தாவர மசகு’ என்றாலே போதும்.

மற்றொன்று, உயிர்களின் உடல் உராய்வைக் குறைக்கும் விதத்தைப் பார்த்துச் செய்வது. இதுதான் என்னை அதிகம் ஈர்க்கிறது. நம் முழங்கால் மூட்டில் எண்ணெய் இல்லை, நீர்தான் பெரும்பகுதி. ஆனாலும் எலும்பு முனைகளை மூடியிருக்கும் குருத்தெலும்பின் உராய்வுக் குணகம் (இது குறையக் குறைய வழுக்கல் அதிகம்) 0.001 அளவுக்குக்கூட இறங்குகிறது. குருத்தெலும்பின் மேற்பரப்பில் ஹையலுரானிக் அமிலம், லூப்ரிசின் புரதம், கொழுப்பு மூலக்கூறுகள் எல்லாம் படிந்திருக்கின்றன. அவற்றின் மின்னூட்டங்களை நீர் மூலக்கூறுகள் சூழ்ந்து பிடித்துக்கொள்கின்றன. உடல் எடை அழுத்தினாலும் அந்த நீர் பிதுங்கி ஓடாது. அதேசமயம் அந்த நீர் மூலக்கூறுகள் சட்டென இடம் மாறிக்கொள்வதால் பரப்புகள் வழுக்கிச் செல்கின்றன. இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் ஜேக்கப் கிளைன் இதைத்தான் விரிவாக ஆராய்ந்தார். தமிழில் ‘நீரேற்ற உயவு’ எனலாம்.

வெண்டைக்காயை நறுக்கும்போது விரலில் ஒட்டும் கொழகொழப்பும் நீரைப் பிடித்துவைக்கும், சர்க்கரை மூலக்கூறுகள் கோத்த சங்கிலிதான். ஹையலுரானிக் அமிலமும் அப்படி ஒரு சங்கிலியே. இவற்றைப் பார்த்து நீரை அடிப்படையாகக் கொண்டு செய்யும் மசகை ‘உயிரொப்பு மசகு’ என்று அழைக்கலாம் என்பது என் பரிந்துரை. இதில் எண்ணெய் இருக்க வேண்டிய கட்டாயமில்லை. ஆனால் நீர் இரும்பைத் துருவேற்றும், சூட்டில் ஆவியாகும். அதனால் எஞ்சினுக்குள் இது இன்னும் எளிதில் நுழையவில்லை.