இரவுச் சூனியக்காரிகளா, இராப்பேய்ச்சிகளா?

இரண்டாம் உலகப் போரில் பறந்த சோவியத் பெண்களைப் பற்றித் தமிழில் எதைத் திறந்தாலும் 'இரவு சூனியக்காரிகள்' வந்து நிற்கிறார்கள். முதலில் 'இரவுச்' என்று ஒற்றாவது போடுங்கள். அப்புறம் சூனியத்தைப் பேசலாம்.

மூலம் ஜெர்மன்: நாஹ்ட்ஹெக்ஸன். நாஹ்ட் இரவு, ஹெக்ஸெ என்பவள் துடைப்பத்தில் ஏறிப் பறக்கிறவள். ரஷ்யர்கள் அதை 'நச்னியே வேத்மி' ஆக்கினார்கள். வேத்மா 'அறிதல்' என்ற வேரில் பிறந்தது. வடமொழி 'வேத'த்துக்கு ஒன்றுவிட்ட உறவு. வேர் இவ்வளவு போதும்.

பெயர் எப்படி விழுந்தது என்பதுதான் முக்கியம். பெண்கள் மட்டுமே இருந்த 588ஆவது இரவுக் குண்டுவீச்சு ரெஜிமென்ட் 1942 ஜூனில் போருக்கு வந்தது. ஓட்டியது போ-2, மரச்சட்டமும் துணியுமான இரட்டை இறக்கை விமானம். பயிற்சிக்கும் வயலுக்கு மருந்து தெளிக்கவும் ஆனது. இலக்கை நெருங்கியதும் எஞ்சினைத் தணித்துவிட்டுச் சறுக்கி இறங்குவார்கள். இறக்கைகளுக்கு இடையே கட்டிய கம்பிகளில் காற்று உரசும் 'உஸ்' மட்டும் கேட்கும், அடுத்து குண்டு. பதுங்குகுழியில் கிடந்த ஜெர்மானியனுக்கு அது துடைப்பத்தின் ஓசையாகப் பட்டது.

இப்போது நம் சூனியக்காரியைப் பாருங்கள். அவள் பறக்கமாட்டாள். காலடி மண் எடுப்பாள், தகடு எழுதி வாசலில் புதைப்பாள், வைத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருப்பாள். வேலை நடக்கும் இடத்தில் அவள் இருக்கவே மாட்டாள். இந்தப் பெண்களோ ஒரே இரவில் எட்டு, பத்து முறை திரும்பத் திரும்ப எதிரியின் தலைக்கு மேல் போனவர்கள். சொல் வசவாக இருக்கிறதே என்பது என் புகார் அல்ல. எதிரி வைத்த பெயர் வசவாகத்தான் இருக்கும். பொருளே பொருந்தவில்லை. தவிர, சூனியம் வடமொழி; அங்கே வெறுமை, பூச்சியம். 'இரவுப் பூச்சியக்காரிகள்' என்று எழுத யாருக்காவது மனம் வருமா?

'மோகினி' போடலாம் என்பார் சிலர். மோகினி மயக்குகிறவள். குண்டு போடப் போனவளுக்கு மல்லிகைப்பூ வைத்துவிடும் வேலை இது. பரணி நூல்களின் போர்க்களப் பேய்மகளிர் இன்னும் நெருக்கம், ஆனால் அவர்கள் சண்டை முடிந்தபின் கூழ் காய்ச்ச வருகிறவர்கள்.

என் கட்சி பேய்ச்சி. இராப்பேய்ச்சிகள். பெண்பால் சொல்லிலேயே இருக்கிறது, இருட்டும் அச்சமும் ஒட்டிக்கொண்டு வருகின்றன. பேய்ச்சியும் பறப்பதாகச் சொல்வதில்லைதான், ஆனால் ஆளே நேரில் வந்து நிற்பாள். அதோடு திட்டவும் கும்பிடவும் ஆன சொல் அது: தெற்கே பேச்சியம்மன் யார்? பேய்ச்சிதான். எதிரியின் வசவைப் பெருமையாக எடுத்துக்கொண்ட படைக்கு இதைவிட என்ன வேண்டும்?

சரி, பெயரை விடுங்கள். 'எல்லோரும் விமானிகள்' என்று எழுதுவது அதைவிட மோசம். போ-2வில் இருவர். முன்னால் விமானி, பின்னால் வரைபடத்தோடு வழி கணித்து, இலக்குக்கு ஒளிக்குண்டு போட்டவள் இன்னொருத்தி. மாஸ்கோவில் வானியல் படித்த யெவ்கேனியா ருத்னேவா அப்படித்தான் பறந்தார். 1944இல் கெர்ச் அருகே இறந்தார். இந்த வேலைக்கு ஆங்கிலத்தில் 'நேவிகேட்டர்' என்று பெயர். அகராதியைப் புரட்டிய மொழிபெயர்ப்பாளர்கள் 'மாலுமி' என்று போடுகிறார்கள்! கப்பல் எங்கே ஐயா? இன்னும் சிலர் 'திசைகாட்டி' என்று அவளைக் கருவியாகவே ஆக்கிவிட்டார்கள். 'வழிகணிப்பவர்' என்று எழுதினால் யாருக்கும் புரியும். இந்தப் பெண் படைகளைத் திரட்டிய மரீனா ரஸ்கோவாவே அடிப்படையில் வழிகணிப்பவர்தான். 1938இல் ரோதினா விமானத்தில் தூரக்கிழக்குக்குப் பறந்தபோது, தரையிறங்குமுன் பாராசூட்டில் குதித்துப் பத்து நாள் காட்டில் அலைந்து விமானத்தை வந்து சேர்ந்தவர். அவரை மாலுமி என்றால், படிக்கிறவன் அந்தக் காட்டில் கடலைத் தேடுவான்.