மிச்சம் பிடித்தால் யூனிட்டுக்கு 4 ரூபாய்: பஞ்சாபின் தண்ணீர்த் திட்டம் எப்படி வேலை செய்கிறது?

பஞ்சாபில் விவசாய மோட்டாருக்குக் கரன்ட் இலவசம். 2002-ஐ ஒட்டிய சில ஆண்டுகளை விட்டுவிட்டால், 1997-லிருந்தே அப்படித்தான். சுமார் 14 லட்சம் மோட்டார்கள். பலர் ஆட்டோ ஸ்டார்ட்டர் மாட்டி வைத்திருப்பதால், லைன் வந்ததும் மோட்டார் தானாக ஓட ஆரம்பித்துவிடும். நெல்வயல் நிரம்பி வரப்பு வழிந்தாலும் யாருக்கும் பைசா நஷ்டமில்லை. ஆண்டுதோறும் நிலத்தடியில் சேரும் தண்ணீரைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் அந்த மாநிலம் எடுக்கிறது என்கிறது மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் கணக்கு.

யூனிட்டுக்குக் கட்டணம் போட்டால் இறைப்பு குறையும் என்பது எல்லோருக்கும் தெரியும். போட்டுவிட்டு அடுத்த தேர்தலுக்கு ஓட்டுக் கேட்டுப் போக முடியாது என்பதும் தெரியும். அதனால் 2018-ல் பஞ்சாப் அரசு வேறு பக்கமாக வந்தது. பில் கிடையாது, ஆனால் குறைவாக இறைத்தால் காசு. திட்டத்தின் பெயரே 'பானி பச்சாவோ, பைசா கமாவோ'. தண்ணீரை மிச்சம் பிடி, காசு சம்பாதி என்று அர்த்தம். முதலில் பதேகர் சாகிப், ஜலந்தர், ஹோஷியார்பூர் மாவட்டங்களில் ஆறு ஃபீடர்களில் (துணை மின்நிலையத்திலிருந்து ஊர்களுக்குக் கரன்ட் கொண்டுபோகும் லைன்கள்) சோதனையாகத் தொடங்கினார்கள்.

விதி சுலபமானது. சேர விருப்பமுள்ளவர் மோட்டாருக்கு மீட்டர் பொருத்த ஒப்புக்கொள்ள வேண்டும். மோட்டாரின் எச்.பி.யை, அதாவது குதிரைத்திறனை வைத்து மாதாந்தர ஒதுக்கீடு: ஜூன் முதல் செப்டம்பர் வரை எச்.பி.க்கு 200 யூனிட், மற்ற மாதங்களில் 50 யூனிட். அதற்குள் மிச்சமாகும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் 4 ரூபாய், நேராக வங்கிக் கணக்குக்கு. ஒதுக்கீட்டைத் தாண்டினால்? ஒன்றும் இல்லை. அபராதமும் கிடையாது, பில்லும் வராது.

ஒரு 10 எச்.பி. மோட்டாரை எடுத்துக்கொள்வோம். நெல் காலத்தில் மாத ஒதுக்கீடு 2,000 யூனிட். ஒரு எச்.பி. என்பது முக்கால் கிலோவாட். தினம் 8 மணி நேரம், 30 நாளும் ஓடினால் எச்.பி.க்குச் சுமார் 180 யூனிட். மோட்டாரின் சேதாரத்தையும் சேர்த்தால் 200-ஐத் தொடும். அதாவது, லைன் இருக்கும் நேரம் முழுக்க ஓட்டினால் ஆகும் அளவையே அரசு ஒதுக்கியிருக்கிறது. யாரிடமிருந்தும் எதையும் பிடுங்கவில்லை. அவர் 1,500 யூனிட்டில் முடித்துக்கொண்டால் 500 மிச்சம், 2,000 ரூபாய் கையில். அரசுக்கும் நஷ்டமில்லை, ஏனென்றால் அதே யூனிட்டுக்கு மின் நிறுவனத்துக்கு அது கட்டும் மானியம் 4 ரூபாயைவிட அதிகம்.

இதில் கெட்டிக்காரத்தனம் எங்கே என்றால், பில்லே அனுப்பாமல் தண்ணீருக்கு விலை வந்துவிட்டது. இப்போது மோட்டாரை வீணாக ஒரு மணி நேரம் ஓடவிட்டால் ஏழெட்டு யூனிட் போகிறது, 30 ரூபாய் போகிறது. எச்.பி.க்கு ஆண்டுக்கு இத்தனை என்று மொத்தமாக வசூலிக்கும் முறையில் இது நடக்காது. கட்டணம் எவ்வளவு உயர்ந்தாலும், கட்டியாச்சு, இனி எவ்வளவு ஓட்டினால் என்ன என்றுதான் தோன்றும். டீசல் இன்ஜின் வைத்து இறைப்பவர் மணியைப் பார்த்துப் பார்த்து நிறுத்துவார். இலவசக் கரன்ட்காரர் வீட்டுக்குப் போய்த் தூங்குவார். இரண்டு பேரும் ஒரே மாதிரி மனிதர்கள்தான்.

சரி, பலன் உண்டா? முதல்கட்ட மதிப்பீட்டில் 6 முதல் 25 சதவீதம் வரை தண்ணீர் மிச்சமானதாகவும் விளைச்சல் குறையவில்லை என்றும் உலக வங்கி சொன்னது. நெல்லுக்கு எந்நேரமும் தண்ணீர் கட்டி நிற்க வேண்டியதில்லை, காய்ச்சலும் பாய்ச்சலுமாக விட்டாலே போதும் என்பதால் இது நம்பக்கூடியதுதான். ஆனால் இதற்கு முன்பே வட குஜராத்தில் இதே யோசனையைச் சோதித்தபோது, விவசாயிகள் ஆர்வமாகச் சேர்ந்தார்கள், இறைப்பு மட்டும் குறையவில்லை.

4 ரூபாயால் எதைச் சாதிக்க முடியாது என்பதையும் பார்த்துவிடலாம். நம் 10 எச்.பி.காரர் நான்கு மாதமும் கால்வாசி மிச்சம் பிடித்தால் மொத்தம் 8,000 ரூபாய். அவருடைய ஐந்து ஏக்கரில் ஏக்கருக்கு 25 குவிண்டால் நெல் என்று வைத்தால், 2018-19-ன் 'ஏ' ரக ஆதரவு விலையான 1,770 ரூபாயில் இரண்டு லட்சத்துக்கு மேல். அதையும் அரசே கொள்முதல் செய்கிறது. 8,000 ரூபாய்க்காக யாராவது நெல்லை விட்டு மக்காச்சோளத்துக்குப் போவார்களா? வீணாக ஓடுவது நிற்கும், பயிர் மாறாது. பஞ்சாபில் தண்ணீரைத் தின்பது பயிர்தான் என்பதால், நெல் கொள்முதலைத் தொடாத எந்த விலைத் திட்டத்துக்கும் இந்த எல்லை உண்டு. 2022-ல் நாற்று நடாமல் வயலிலேயே விதைக்கும் நேரடி நெல் விதைப்புக்கு ஏக்கருக்கு 1,500 ரூபாய் ஊக்கத்தொகை அறிவித்தபோதும், நெல் நெல்லாகவே இருந்தது.

இன்னும் இரண்டு குறைகள். ஒதுக்கீடு எச்.பி. கணக்கில் என்பதால் பெரிய மோட்டார்காரருக்குப் பெரிய ஒதுக்கீடு. அப்புறம், குத்தகை நிலத்தில் ராத்திரி எழுந்து மடை மாற்றுகிறவர் ஒருவர், இணைப்பு இருப்பது இன்னொருவர் பெயரில், மிச்சம் பிடித்த காசும் அவருக்குத்தான்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தடை மீட்டர். இன்று காசு தருகிறேன் என்று மாட்டிவிட்டு நாளைக்கு அதே மீட்டரை வைத்து பில் போடுவார்கள் என்ற பயம் பஞ்சாப் விவசாயிகளிடம் இருந்தது. தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மின்கட்டண உயர்வை எதிர்த்து 1972-ல் கோவைச் சாலைகளை மாட்டுவண்டிகளால் மறித்த ஊர் இது. இலவச மின்சாரம் வந்து முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் இங்கே பெரும்பாலான விவசாய இணைப்புகளுக்கு மீட்டர் இல்லை. இப்படி ஒரு திட்டம் இங்கே வருவதானால், தாண்டினாலும் பில் வராது என்பதை அறிவிப்பாகச் சொன்னால் போதாது, சட்டத்திலேயே எழுதித் தர வேண்டியிருக்கும்.