‘இதை எந்தப் பீரியடில் நடத்துவது?’

தன் உணர்ச்சிகளைக் கையாளவும் பிறரோடு ஒத்துப்போகவும் பிள்ளைகளைப் பழக்கும் ‘சமூக மனவெழுச்சிக் கற்றல்’ பற்றி ஆசிரியர்களுக்குப் பயிற்சி நடக்கும் இடத்திலெல்லாம் மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு கேள்வி கட்டாயம் எழும்: “எல்லாம் சரி, இதை எந்தப் பீரியடில் நடத்துவது?” கேட்பவர்களைக் குறை சொல்ல முடியாது. பாடம் முடிக்க வேண்டும், வளரறி மதிப்பீடு போட வேண்டும், ஆன்லைனில் ஏற்ற வேண்டியவை தனி. போதாததற்கு ஜூனிலிருந்து கூடலூர், பந்தலூர் பக்கமும், அக்டோபர் நவம்பரில் குன்னூர், கோத்தகிரி பக்கமும் மழை விடுமுறைகள். இதற்கு நடுவில் புதிதாக ஒரு பாடவேளையா?

நான் நீலகிரி மாவட்டம் கோத்தகிரி வட்டாரத்தில் ஒரு நடுநிலைப் பள்ளியில் கணக்கும் அறிவியலும் எடுப்பவள். என் பதில்: தனியாக எந்தப் பீரியடிலும் வைக்காதீர்கள். கணக்குப் பீரியடிலேயே அது தினமும் நடந்துகொண்டுதான் இருக்கிறது, நல்லபடியாகவோ மோசமாகவோ. தப்பாக விடை சொன்ன பிள்ளையைப் பார்த்து வகுப்பு சிரித்து, ஆசிரியரும் அதைக் கண்டும் காணாமல் விட்டால், “நமக்கெதுக்கு வம்பு, இனி வாயே திறக்க வேண்டாம்” என்பதை அந்த ஒரு நிமிடத்தில் முப்பது பிள்ளைகளும் கற்றுவிடுகிறார்கள். பாடத்திட்டத்தில் இல்லாத பாடம், ஆனால் மறக்கவே மறக்காது.

பெயர்தான் கொஞ்சம் மிரட்டுகிறது. தன் மனதில் என்ன ஓடுகிறது என்று தனக்கே தெரிவது, கோபமோ பயமோ வந்தால் அதைச் சமாளிக்கத் தெரிவது, அடுத்தவர் நிலையைப் புரிந்துகொள்வது, நாலு பேரோடு சேர்ந்து வேலை செய்வது, யோசித்து முடிவெடுப்பது. இவ்வளவுதான். அமெரிக்காவில் 1994-இல் தொடங்கப்பட்ட கேசல் என்ற அமைப்பு வகுத்த இந்த ஐந்து திறன்கள்தான் இன்று பெரும்பாலான பயிற்சிக் கையேடுகளில் இருப்பவை. “நம்ம நீதிபோதனை வகுப்புதானே டீச்சர்?” என்று மூத்த ஆசிரியர்கள் கேட்பதுண்டு. இல்லை. நீதிபோதனையில் ‘கோபப்படாதே’ என்று சொல்வோம். கோபம் வந்த பிறகு அடுத்த இரண்டு நிமிடம் என்ன செய்வது என்று அங்கே பழக்கியதில்லை.

இதனால் படிப்பு கெடுமா என்று பெற்றோர் கேட்பதும் நியாயம்தான். 2011-இல் வெளியான ஒரு பெரிய தொகுப்பாய்வு 213 பள்ளித் திட்டங்களை, சுமார் 2,70,000 மாணவர்களை, எடுத்துப் பார்த்தது. இந்தத் திறன்களைப் பழகிய பிள்ளைகள் படிப்பில் சராசரியாக 11 சதமானப் புள்ளிகள் முன்னே இருந்தார்கள். அதாவது நூறு பேரை மதிப்பெண் வரிசையில் நிறுத்தினால், நடுவில் நிற்கும் பிள்ளை பதினொரு இடம் முன்னால் வருகிறது. இதில் எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு: வெளியாட்கள் வந்து நடத்திய திட்டங்களால் படிப்பு உயரவில்லை, பள்ளி ஆசிரியர்களே செய்தபோதுதான் உயர்ந்தது. அதே சமயம் ஆசிரியர் கையில் கொடுத்துவிட்டால் போதும் என்றும் இல்லை. பிரிட்டனில் 85 பள்ளிகளில் 8,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்கு மனமுழுமைப் பயிற்சியை (அந்தந்தக் கணத்தில் கவனத்தை நிறுத்தப் பழகும் ‘மைண்ட்ஃபுல்னெஸ்’) பத்துத் தனி வகுப்புகளாக, ஆசிரியர்களைக் கொண்டே நடத்திப் பார்த்தார்கள். 2022-இல் வந்த முடிவு: அந்தப் பள்ளிகள் வழக்கமாகச் செய்துவந்ததைவிட மேலான பலன் எதுவும் இல்லை. கண்ணை மூடி உட்காரவைத்துவிட்டு, அடுத்த பீரியடில் “உனக்கெல்லாம் எங்க மண்டையில ஏறப்போகுது” என்று சொன்னால் எந்தப் பயிற்சிதான் நிற்கும்?

தப்பான விடைக்கு வருகிறேன். நம் கையில் தினமும் கிடைக்கும் பெரிய வாய்ப்பு அதுதான்.

ஏழாம் வகுப்பில் முழுக்கள். குறை எண்ணுக்கு உதாரணம் தேடி நாங்கள் எங்கும் போக வேண்டாம், டிசம்பர் ஜனவரியில் உதகை, தலைகுந்தா பக்கம் உறைபனி விழுகிறது. விடிகாலை −2 டிகிரி, மத்தியானம் 15 டிகிரி, எவ்வளவு ஏறியது என்று கேட்டேன். ஒருவன் எழுந்து “13” என்றான். பின்னாலிருந்து சிரிப்பு. “தப்பு, உட்கார்” என்று சொல்லியிருக்கலாம். “வேற யாராவது சொல்லுங்க” என்று நாசூக்காகத் தாண்டியிருக்கலாம். அவனைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றுதான். “பதிமூணு எப்படி வந்துச்சுன்னு போர்டுல போட்டுக் காட்டு” என்றேன். 15 − 2 என்று எழுதினான். எண்கோடு வரைந்து, “காலையில எங்க இருந்தோம், அங்க விரல வை. பூஜ்ஜியத்துக்கு வர எத்தனை படி?” என்றதும், பாதியிலேயே “ஐயோ, அந்த ரெண்டையும் சேக்கணும் டீச்சர்” என்று அவனே 17-க்கு வந்துவிட்டான். இதற்குள் பின்பெஞ்சில் சிரித்தவர்களில் இருவர் சத்தமில்லாமல் தங்கள் நோட்டில் 13-ஐ அடித்துக்கொண்டிருந்தார்கள்.

மொத்தம் மூன்று நான்கு நிமிடம். கணக்கும் நடந்தது, வெட்கம் வந்தாலும் நின்று யோசிக்கலாம் என்று அவனுக்கும், பிறர் தவறைப் பார்த்துத் தன் தவறையும் திருத்திக்கொள்ளலாம் என்று மற்றவர்களுக்கும் தெரிந்தது. சிரித்தவர்களை நான் திட்டுவதில்லை. “வா, நீயும் கூட நின்னு பாரு” என்று பலகைக்குக் கூப்பிடுவேன். நாலு பேர் பார்க்க அங்கே நின்றால்தான் அது எப்படி இருக்கும் என்று தெரியும்.

இதோடு சேர்ந்தது காத்திருப்பது. மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970-களில் வகுப்பறை ஒலிப்பதிவுகளை அலசி, கேள்வி கேட்ட ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் பொறுக்கிறார்கள் என்று கண்டார். அதை மூன்று நொடியாக்கினால் பதில்கள் நீளமாகின்றன, அதிகம் பேர் பேசுகிறார்கள், மௌனமும் ‘தெரியாது’ம் குறைகின்றன. எங்கள் மாவட்டத்துக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும். வீட்டில் படுகு பேசும் பிள்ளை, பணிய மொழி பேசும் பிள்ளை, மலையாளமோ இந்தியோ பேசும் பிள்ளை, கேள்வியைப் பாடப்புத்தகத் தமிழில் வாங்கி, தன் மொழியில் யோசித்து, மறுபடி தமிழில் சொல்ல வேண்டும். ஒரு நொடியில் ஆகிற காரியமா? மூன்று நொடி சும்மா நிற்பது நமக்குத்தான் கஷ்டம், நாக்கு துறுதுறுக்கும். நான் ஜன்னல் பக்கம் பார்த்து மனதுக்குள் எண்ணிக்கொள்வேன். அதுவரை கை தூக்கியவர்களைக் கூப்பிடுவதில்லை.

பாடத்தை நிறுத்தியே ஆக வேண்டிய நாட்களும் உண்டு. இந்தப் பக்கம் கரடி எண்ணெய் வாசனைக்கு இறங்கி வருவது புதிதல்ல. கோயில் விளக்குக்கு ஊற்றும் எண்ணெய், ரேஷன் கடை, சத்துணவுக் கூடம் எதையும் விடாது. ஒரு நாள் காலை பிள்ளைகள் வரும்போது சத்துணவுக் கூடத்துக் கதவு பெயர்ந்து கிடந்தது, தரையெல்லாம் எண்ணெய், பருப்பு. அன்று போய் “சத்தம் போடாதே, புத்தகத்தை எடு” என்றால் எடுப்பார்கள், அதோடு சரி. பையன்கள் கரடி மாதிரி நடந்து காட்டி முடியும்வரை விட்டேன். பிறகு ஆளுக்கொரு துண்டுச்சீட்டு: இப்போது மனதில் இருப்பதை ஒரு வரி எழுதுங்கள், எந்த மொழியிலும் எழுதலாம், பெயர் வேண்டாம். ‘ஜாலி’, ‘பயம்’, ‘கரடி பாவம், அதுக்குப் பசி’, ‘இன்னிக்கு சோறு உண்டா’ என்றெல்லாம் வந்தன. இவற்றுக்கிடையே ‘சாயந்தரம் எப்படிப் போறது’ என்று சில சீட்டுகள். தேயிலைத் தோட்டத்துக் குறுக்குப் பாதையில் லைன் வீடுகளுக்கு (தொழிலாளர்களுக்கு வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகள்) நடந்து போகும் பிள்ளைகள் அவர்கள். கூட்டிப் போக ஆள் கிடையாது. அம்மா கொழுந்து எடை போட்டுவிட்டுத்தான் வீடு திரும்புவார்.

அதையே அன்றைய கணக்காக்கினோம். பலகையில் பள்ளி, தார் ரோடு, குறுக்குப் பாதை, லைன் வீடுகள். யார் எந்த வழி, குறுக்கில் போனால் எத்தனை நிமிடம் மிச்சம், புதர் எங்கே அடர்த்தி. ஆறாம் வகுப்புப் பிள்ளைகளை எட்டாம் வகுப்புக்காரர்கள் அழைத்துக்கொண்டு தார் ரோட்டிலேயே போவது, சத்தமாகப் பேசிக்கொண்டு போவது, பள்ளி விட்டதும் விளையாட நிற்காமல் கிளம்புவது என்று அவர்களே முடிவு செய்தார்கள். புதர் வெட்டும் விஷயம் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் போனது. “பயப்படாதே” என்று நான் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. கரடியும் சிறுத்தையும் காட்டுமாடும் உள்ள ஊரில் வளரும் பிள்ளைக்குப் பயம் இருக்கத்தான் வேண்டும். அந்தப் பயத்துக்கு ஒரு பெயரும் அடுத்து என்ன செய்வது என்ற தெளிவும் கொடுப்பதுதான் நம் வேலை. உணர்ச்சிக்குப் பெயர் வைத்தாலே மூளையில் பயத்தைக் கிளப்பும் அமிக்டலா பகுதியின் பரபரப்பு குறைகிறது என்று கலிபோர்னியாப் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று 2007-இல் காட்டியது. அந்தச் சீட்டு அதைத்தான் செய்தது.

சேர்ந்து வேலை செய்வதைப் பழக்க எனக்குத் தெரிந்த நல்ல வழி, ஆளுக்கொரு பகுதியைப் படித்து மற்றவருக்குச் சொல்லித்தரும் ஜிக்சா முறை. 1971-இல் டெக்சாஸ் மாநிலம் ஆஸ்டினில், கறுப்பினப் பிள்ளைகளும் வெள்ளையினப் பிள்ளைகளும் மெக்சிகோ வழிப் பிள்ளைகளும் முதல்முறையாக ஒரே வகுப்பில் உட்கார்ந்து அடிதடி வரை போனபோது, எலியட் அரோன்சன் என்ற உளவியலாளர் உருவாக்கியது. எங்கள் வகுப்பிலும் ஹட்டி எனப்படும் தங்கள் ஊர்களிலிருந்து வரும் படுகர் பிள்ளைகள், 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்த குடும்பங்களின் பேரப்பிள்ளைகள், ஜார்க்கண்டிலிருந்து தோட்ட வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகள் என்று எல்லோரும் உண்டு. அடிதடி இல்லைதான். ஆனால் சாப்பிட உட்காரும்போது பாருங்கள், தனித்தனி வட்டம்.

சோலைக்காடு பாடத்தை நான்காகப் பிரித்தேன்: சோலை, புல்வெளி, பிரிட்டிஷார் கொண்டுவந்து நட்ட சீகை (வாட்டில்) மரம், நீரோடை. குழுவில் நால்வர், ஆளுக்கொரு பகுதி. ஒரே பகுதி கிடைத்தவர்கள் முதலில் சேர்ந்து உட்கார்ந்து படித்துத் தெளிவாக்கிக்கொண்டு, பிறகு தம் குழுவுக்குத் திரும்பிச் சொல்லித்தர வேண்டும். தேர்வு நான்கிலிருந்தும் வரும். ஒரு குழுவில் நீரோடைப் பகுதி ஜார்க்கண்ட் பையனுக்கு. அவன் இரண்டு வரி தடுமாறியதும் பக்கத்துப் பெண் “குடுடா, நானே படிச்சுக்கறேன்” என்று தாளைப் பிடுங்கினாள். தாளை வாங்கக் கூடாது, கேள்வி மட்டும் கேட்கலாம் என்று விதி வைத்தேன். “மழை நின்னப்புறமும் ஓடையில தண்ணி எப்படி வருது?” என்று அவள் கேட்க, அவன் சோலையின் மண்ணையும் பாசியையும் படமாகப் போட்டு, பஞ்சு பிழிவது போலக் கையால் காட்டினான். உடனே இருவரும் சிநேகிதராகிவிட்டார்கள் என்று கதை விடமாட்டேன். அடுத்த முறையும் அவள் முணுமுணுத்தாள். ஆனால் கேள்வி கேட்கப் பழகிவிட்டாள். இந்த முறை ஒரே தடவையில் படியாது, மாதக்கணக்கில் செய்ய வேண்டும்.

மற்றவை சின்னச் சின்ன விஷயங்கள். தாமதமாக வந்த பிள்ளையிடம் “ஏன் லேட்?” என்பதற்குப் பதில் “பஸ் கிடைச்சுதா?” என்று கேட்கலாம். நமக்குக் கோபம் வந்தால், “எனக்கு இப்போ கோபமா இருக்கு, ஒரு நிமிஷம் குடுங்க” என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்கலாம். ஈராசிரியர் பள்ளிகளில் பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்கு வாசிப்புச் சொல்லித்தருவது ஏற்கெனவே நடக்கிறது, அதற்குப் புதுப் பெயர் தேவையில்லை.

இரண்டு விஷயம் வேண்டவே வேண்டாம். ஒன்று, இதற்கு மதிப்பெண் போடுவது. ‘பரிவு: பி கிரேடு’ என்று எழுதினால் பிள்ளைகள் பரிவு காட்டுவதாக நடிக்கக் கற்றுக்கொள்வார்கள். இன்னொன்று, வட்டமாக உட்காரவைத்து “உங்க வீட்டுல என்ன வருத்தம், சொல்லுங்க” என்று கேட்பது. லைன் வீட்டில் சுவருக்கு இந்தப் பக்கம் பேசினால் அந்தப் பக்கம் கேட்கும். அப்பா குடித்துவிட்டு அடித்ததைப் பிள்ளை வகுப்பில் சொன்னால், சாயங்காலத்துக்குள் தோட்டம் முழுக்கப் பரவிவிடும், அதற்கும் அந்தப் பிள்ளைதான் அடி வாங்கும். சொல்லாமல் இருக்கும் உரிமையும் பிள்ளைக்கு உண்டு.

யாரும் கேட்காமலே ஒரு பிள்ளை தனியாக வந்து சொன்னால், நாம் ஆலோசகர் ஆகிவிட வேண்டியதில்லை. முழுக்கக் கேளுங்கள், துருவாதீர்கள், “யாருக்கும் சொல்ல மாட்டேன்” என்று சத்தியம் செய்யாதீர்கள். பாலியல் துன்புறுத்தல் என்றால் 2012-ஆம் ஆண்டுப் போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும், மறைப்பது குற்றம். ஊர்ப் பெரியவர்கள் பேசி முடித்துக்கொள்கிறோம் என்று வருவார்கள், அதற்கு இடமே இல்லை. பள்ளிக்குள் நம்மால் நடப்பதற்கும் சட்டம் உண்டு: 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு அடிப்பதோடு சேர்த்து மனரீதியான துன்புறுத்தலையும் தடுக்கிறது. குழந்தைகள் உதவிக்கு 1098, பள்ளிக்கல்வித் துறையின் உதவி எண் 14417. இந்த இரண்டையும் தலைமையாசிரியர் அறையில் ஒட்டிப் பயனில்லை. பெண்பிள்ளைகள் கழிப்பறைக்குப் போகும் வழியில், எட்டு வயதுப் பிள்ளைக்குக் கண் எட்டும் உயரத்தில், பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள்.