என்கவுன்டர்: யார் சுட்டது என்பதை மறைக்கும் சொல்

என்கவுன்டர், பெயர்ச்சொல். காவல்துறையினர் சுட்டதில் ஒருவர் இறந்தார் என்ற செய்தியும், அவர் முதலில் தாக்கியதால்தான் சுட வேண்டி வந்தது என்ற காவல்துறைத் தரப்பு விளக்கமும் ஒன்றாகக் கலந்த சொல். முதல் பாதி நடந்தது. இரண்டாம் பாதி விசாரித்துச் சொல்ல வேண்டியது. அதை விசாரணைக்கு முன்பே இந்தச் சொல் முடித்துவிடுகிறது.

லத்தீனில் 'கோன்ட்ரா' என்றால் எதிர். அதிலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய், எதிர்ப்படுதல், நேருக்கு நேர் சந்தித்தல், இரு படைகள் எதிர்பாராமல் மோதிக்கொள்ளுதல் என்று பொருள்பட்டது. சாவு என்ற பொருள் அதன் வேரில் இல்லை. அதைச் சேர்த்தது இந்தியக் காவல்துறையின் வழக்கு. 1960-களின் இறுதியில் தொடங்கிய நக்சலைட் வேட்டையில், குறிப்பாக ஆந்திரத்தில், இந்தச் சொல் நிலைபெற்றது. நெருக்கடிநிலைக் காலத்தில் அங்கே நடந்த 'என்கவுன்டர்'களை 1977-இல் முன்னாள் நீதிபதி வி.எம். தார்குண்டே தலைமையிலான குடிமக்கள் குழு நேரில் விசாரித்தது. தமிழ்நாட்டில் 1980-இல் வட ஆற்காடு, தர்மபுரிப் பகுதிகளில் நடந்த நக்சலைட் வேட்டை வழியாக இது செய்தித்தாள் சொல்லாகிவிட்டது.

தமிழில் இதற்கு இரண்டு வழக்குகள் உண்டு, இரண்டும் ஒன்றல்ல. 'போலீசாருடன் நடந்த மோதலில் ரவுடி பலி' என்பது தலைப்புச் செய்தித் தமிழ். மோதல் என்றாலே இரண்டு தரப்பு வேண்டும். 'பலி' என்ற பிறகு கொன்றவர் யார் என்ற கேள்வி எழுவதில்லை. பேச்சுத் தமிழ் வேறு. 'அவனை என்கவுன்டர் பண்ணிட்டாங்க' என்கிறார்கள். இங்கே என்கவுன்டர் செயப்படுபொருளை ஏற்கும் வினை: ஒருவர் செய்கிறார், இன்னொருவருக்கு அது செய்யப்படுகிறது. இரு தரப்புச் சண்டை என்ற பொருள் முழுவதுமாக உதிர்ந்துவிட்டது. தெருவில் பேசுபவர் நடந்ததாகத் தாம் நம்புவதை மறைக்காமல் சொல்கிறார். ஆனால் அதை ஆதரித்தும் இதே வாக்கியத்தைச் சொல்கிறார்கள் என்பதுதான் வேதனை.

சட்டத்தைப் புரட்டினால் என்கவுன்டர் என்று ஓர் அதிகாரமே கிடையாது. ஒருவர் கைதை வன்மையாக எதிர்த்தாலோ தப்ப முயன்றாலோ, கைது செய்யத் தேவையான எல்லா வழிகளையும் காவலர் கையாளலாம் என்று பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 43-ஆம் பிரிவு சொல்கிறது (முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டம், பிரிவு 46). மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கத்தக்க குற்றம் சாட்டப்படாதவரைக் கைதின்போது சாகடிக்கும் உரிமை இல்லை என்றும் அதே பிரிவு சொல்கிறது. அப்படிப்பட்ட குற்றம் சாட்டப்பட்டவரை விருப்பம்போல் சுடலாம் என்று இதற்குப் பொருளில்லை. அங்கும் கைதுக்குத் தேவையான அளவுதான் எல்லை. மற்றபடி காவலருக்கு இருப்பது எல்லோருக்கும் உள்ள தற்காப்பு உரிமை. தற்காப்புக்குத் தேவையானதைவிடக் கூடுதல் தீங்கு செய்யக் கூடாது என்ற வரம்பும் அதோடு சேர்ந்தே வருகிறது.

பொதுமக்களிடம் உண்மை சொல்வது எங்கே தடம் புரள்கிறது என்றால், பெரும்பாலும் முதல் தகவல் அறிக்கையிலேயே. சுட்ட தரப்பே புகார்தாரர். இறந்தவர்மீது கொலை முயற்சி வழக்கு. குற்றம் சாட்டப்பட்டவர் உயிரோடு இல்லை என்பதால் வழக்கு அற்றுப்போனதாக மூடப்படும். அவரைக் கொன்றது சரியா என்ற கேள்விக்கு ஒரு வழக்கு எண்கூட இருக்காது. 1990-களில் ஆந்திர வழக்குகளைப் பார்த்த தேசிய மனித உரிமைகள் ஆணையம் இந்த நடைமுறையைக் கண்டித்து, 1997-இல் எல்லா மாநிலங்களுக்கும் வழிகாட்டுதல் அனுப்பியது.

மக்கள் சிவில் உரிமைக் கழகம் தொடுத்த வழக்கில் 2014 செப்டம்பர் 23 அன்று உச்ச நீதிமன்றம் 16 நெறிமுறைகளைக் கட்டாயமாக்கியது. குற்றவாளி நடமாட்டம் பற்றித் துப்பு வந்தால் அதை எழுத்திலோ மின்னணு வடிவிலோ பதிய வேண்டும். சாவு நேர்ந்தால் முதல் தகவல் அறிக்கையைத் தாமதமின்றி நீதிமன்றத்துக்கு அனுப்ப வேண்டும். விசாரணை சி.ஐ.டி.யிடமோ வேறு காவல் நிலையக் குழுவிடமோ போக வேண்டும். உடற்கூறாய்வை மாவட்ட மருத்துவமனையில் இரண்டு மருத்துவர்கள் செய்து, வீடியோ எடுத்துப் பாதுகாக்க வேண்டும். நடுவர் (மாஜிஸ்திரேட்) விசாரணை கட்டாயம். சுட்ட காவலர் ஆயுதத்தை ஆய்வுக்கு ஒப்படைக்க வேண்டும். சம்பவம் நடந்த கையோடு பதவி உயர்வோ வீர விருதோ கொடுக்கக் கூடாது. நெறிமுறை மீறப்பட்டதாகக் கருதும் குடும்பம் அமர்வு நீதிபதியிடம் முறையிடலாம்.

இவற்றில் உடற்கூறாய்வும் தடயங்களும்தான் காவல்துறையின் பத்திரிகைக் குறிப்பைச் சோதித்துப் பார்க்கும் உரைகல். கைத்துப்பாக்கியை உடலோடு ஒட்டிவைத்துச் சுட்டால் தோல் தீய்ந்திருக்கும். தோராயமாக ஓர் அடிக்குள் என்றால் புகைக்கருமை படியும்; இரண்டடி வரை வெடிமருந்துத் துகள் தோலில் பொட்டுப்பொட்டாகப் பதியும் (துப்பாக்கி, தோட்டாவைப் பொறுத்து இது மாறும்). அதற்கும் அப்பால் சுட்டால் துளை மட்டுமே. 'தூரத்திலிருந்து எங்களைச் சுட்டுக்கொண்டே ஓடினான்' என்ற குறிப்போடு கருமை படிந்த காயம் பொருந்தாது. குண்டு முதுகில் நுழைந்ததா, மேலிருந்து கீழாகச் சென்றதா, மணிக்கட்டில் கைவிலங்குத் தழும்பு உண்டா, இறந்தவர் கையில் வெடிமருந்துத் துகள் உண்டா என்றும் பார்க்க வேண்டும். உடலைக் கழுவி, ஆடையை மடித்து மூட்டை கட்டிவிட்டால் இவற்றில் பாதி போய்விடும். ரத்தம் தோய்ந்த மண்ணைக்கூட எடுத்துவை என்று நீதிமன்றம் சொன்னது இதற்காகத்தான்.

2019 டிசம்பர் 6 அன்று ஹைதராபாத் அருகே, பாலியல் வன்கொலை வழக்கில் பிடிபட்ட நான்கு பேர் காவலில் இருந்தபோதே சுட்டுக் கொல்லப்பட்டார்கள். துப்பாக்கியைப் பறித்துச் சுட்டதால் திருப்பிச் சுட்டோம் என்றது காவல்துறை. மக்கள் காவலர்கள்மீது பூத்தூவினார்கள். முன்னாள் நீதிபதி சிர்புர்கர் தலைமையில் உச்ச நீதிமன்றம் அமைத்த ஆணையம் அந்த விளக்கத்தை ஏற்கவில்லை. சாகடிக்கும் நோக்கத்துடன் வேண்டுமென்றே சுடப்பட்டார்கள் என்றும், 10 காவலர்களைக் கொலைக் குற்றத்துக்காக விசாரிக்க வேண்டும் என்றும் சொன்னது. 2022-இல் அந்த அறிக்கை வெளிவரும்வரை நாம் எல்லோரும் அதை 'என்கவுன்டர்' என்றே எழுதிக்கொண்டிருந்தோம்.

அப்படியானால் சரியான தமிழ் எது? 'மோதல் சாவு' என்ற மொழிபெயர்ப்பு சொல்லுக்குச் சரி, செய்திக்குச் சரியில்லை. மோதல் நடந்ததா என்பதே இன்னும் தெரியாது. 'போலி மோதல்' என்பது மோதல் பொய் என்று விசாரணையில் நிறுவப்பட்ட பிறகு வர வேண்டியது. 'காவல் மரணம்' இறந்தவர் காவல்துறையின் பிடியில் இருந்தால் மட்டும் பொருந்தும். 'துப்பாக்கிச் சூடு' என்று தனியாக எழுதினால் 2018 தூத்துக்குடிபோல் கூட்டத்தின்மீது சுட்டதும் அதில் அடங்கிவிடும், யார் சுட்டது என்பதும் விடுபடும். முதல் நாள் செய்திக்கு 'காவல்துறை சுட்டதில் இறப்பு' என்பதே பொருத்தம். எழுவாய் அதில் இருக்கிறது, தீர்ப்பு இல்லை.

2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திரத்தின் சேஷாசலம் காட்டில் தமிழகத் தொழிலாளர்கள் 20 பேர் இறந்த செய்தியை இப்படி எழுதியிருக்கலாம்: 'ஆந்திர அதிரடிப் படையினர் சுட்டதில் 20 பேர் இறந்தனர். கல்லாலும் அரிவாளாலும் தாக்கியதால் சுட்டதாகக் காவல்துறை கூறுகிறது.' முதல் வாக்கியம் நடந்தது, இரண்டாவது ஒரு தரப்பு சொல்வது. சுடப்பட்டவர்களில் சிலரை முந்தைய நாளே பிடித்துக்கொண்டு போனார்கள் என்று, தப்பி வந்தவர்கள் பின்னர் மனித உரிமைகள் ஆணையத்திடம் சொன்னபோது, அதை மூன்றாவது வாக்கியமாகச் சேர்க்க இடம் இருந்திருக்கும்.