‘கத்’: தொப்பியும் அல்லாத, குடையும் அல்லாத ஒரு தலையணி

கொரிய வரலாற்றுத் தொடர்களைத் தமிழ் டப்பிங்கிலும் சப்டைட்டிலிலும் பார்ப்பவர்கள் இன்று ஏராளம். அத்தொடர்களின் அழகில் பாதி உடையில் இருக்கிறது. உடையின் பொருளில் பாதி தலையில் இருக்கிறது. ஆனால் தமிழ் வசனத்திலோ அரசன் அணிவதும் தொப்பி, அமைச்சர் அணிவதும் தொப்பி, ஊர்ப் பெரியவர் அணிவதும் தொப்பி, மூட்டை சுமக்கும் வணிகன் அணிவதும் தொப்பி. குற்றம் சாட்டப்பட்ட முதிய அறிஞர் ஒருவர் தம் தலையில் இருந்ததைத் தாமே அவிழ்த்து வைத்து, கூந்தலைக் கலைத்து, அரண்மனை முற்றத்தில் வைக்கோல் பாய்மீது மண்டியிடுகிறார். அந்தக் காட்சிக்குத் தமிழில் கிடைத்த வரி ‘தொப்பியைக் கழற்றிவிட்டார்’ என்பது. இதைப் பலமுறை கேட்டுப் பொறுத்த பிறகே இந்த விளக்கத்தை எழுதுகிறேன்.

அந்தத் தலையணியின் கொரியப் பெயர் ‘கத்’. இது சீனத்திலிருந்து வந்த சொல் அன்று, கொரிய மொழிக்கே உரிய சொல். சீன எழுத்தில் எழுதும்போது இதற்கு ‘லிப்’ என்னும் ஒலிப்புடைய எழுத்தைப் பயன்படுத்துவார்கள்; அவ்வெழுத்தின் மேற்பகுதி மூங்கிலைக் குறிக்கும். கறுப்புக் கத்துக்கு ‘ஹங்னிப்’ என்றும், வெள்ளைக் கத்துக்கு ‘பெங்னிப்’ என்றும் பெயர் வந்தது இப்படித்தான். கடுகுக்கீரைக்கும் கொரிய மொழியில் ‘கத்’ என்றே பெயர். எந்திர மொழிபெயர்ப்பை நம்புகிறவர்கள் இதையும் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

பெயரைவிடப் பொருளே முக்கியம். 1392 முதல் 1897 வரை நீடித்த ஜோசன் ஆட்சிக் காலத்தில் உயர்குடி ஆண்களின் வெளித்தோற்றத்தை முழுமை செய்தது கத். அதன் உச்சிப் பகுதியைக் குதிரையின் பிடரி மயிராலும் வால் மயிராலும் பின்னுவார்கள். அகன்ற விளிம்பை, நூல்போல் கிழித்த மூங்கில் இழைகளால் நெய்வார்கள். பிறகு இரண்டையும் பொருத்தி அரக்குப் பூசுவார்கள். உச்சி பின்னுபவர், விளிம்பு நெய்பவர், பொருத்தி முடிப்பவர் என மூன்று வேலைகளும் தனித்தனிக் கைவினைகள். ஜெஜு தீவும் தோங்யோங் நகரமும் இதற்குப் பெயர்பெற்றவை. 1964இல் தென்கொரிய அரசு இக்கைவினையைத் தேசிய மரபுச் செல்வங்களுள் ஒன்றாக அறிவித்தது. முடிந்த கத்தை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் மறுபுறம் மங்கலாகத் தெரியும். அதை அணிந்தவரின் உச்சிக்கொண்டையும், நெற்றியைச் சுற்றி இறுக்கிக் கட்டிய மயிர்ப்பட்டையாகிய ‘மங்கொன்’னும் அதன் ஊடாகப் புலப்படும். விளக்கொளியில் முகத்தின்மேல் விழும் அந்த வலைநிழலுக்காகவே சில ஒளிப்பதிவாளர்கள் காட்சியை அமைக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றும்.

ஆக, வெயிலையும் மழையையும் தடுக்க இது உதவாது. மழை பெய்தால் கத்தையே காப்பாற்ற வேண்டியிருக்கும். அதற்கென எண்ணெய்த்தாளில் செய்த மடிப்புறை ஒன்றை அதன்மேல் கவிழ்த்துக்கொள்வார்கள். கத்தின் வேலை, அணிந்தவர் யார் என்று சொல்வது. உயர்குடி ஆடவர் விருந்தினர் முன்னிலையில் வெறுந்தலையோடு அமர்வது பண்புக்குறைவு. கத்தின் நாடாவில் கோத்திருப்பது அம்பரா, பளிங்கா, வெறும் துணியா என்பதைக் கொண்டே அவரது செல்வத்தையும் தகுதியையும் ஊகிக்கலாம். விளிம்பின் அகலமும் காலத்தைக் காட்டும். 18ஆம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டிச் சின் யுன்-போக் தீட்டிய ஓவியங்களில் விளிம்புகள் தோளளவுக்கு அகன்றிருக்கும். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், அரசன் கோஜொங்கின் தந்தை தேவொன்குன் அதிகாரத்தில் இருந்தபோது அவற்றைச் சுருக்க ஆணையிட்டார். ஒரு தொடரில் அகன்ற விளிம்பையும் மற்றொன்றில் குறுகிய விளிம்பையும் பார்க்கும்போது, கதை எந்தக் காலத்தில் நடக்கிறது என்பதை ஆடையமைப்பாளர் நமக்குச் சொல்லிவிடுகிறார். அரசன் இறந்தால் நாடே வெள்ளைக் கத்துக்கு மாறும். ஒரு வசனமும் இல்லாமல், தெருவின் நிறம் மாறுவதைக் கொண்டே சாவுச்செய்தியை நாம் அறிந்துகொள்கிறோம்.

இனி, மற்றத் தலையணிகளைப் பார்ப்போம். அரசனின் ‘இக்சொன்குவன்’ பின்புறத்தில் இரண்டு சிறகுகள் மேல்நோக்கி நிற்பது. அமைச்சர்களின் ‘சமோ’வில் அதே சிறகுகள் இருபுறமும் கிடையாக நீளும். வீட்டில் இருக்கும் பெரியவர் அணியும் ‘ஜொங்ஜகுவன்’ மலைமுகடுபோல் அடுக்கடுக்காக எழும்பும். ஊர் ஊராகச் சுமை தூக்கித் திரியும் வணிகர்கள் மூங்கிலால் செய்த ‘பெரெங்கி’யின் இருபுறமும் பஞ்சு உருண்டைகளை வைத்துக் கட்டியிருப்பார்கள். பெற்றோரை இழந்து துக்கம் காப்பவர் முகத்தையே மறைக்கும் ‘பங்கத்’தைக் கவிழ்த்துக்கொள்வார். துக்கத்தில் இருப்பவரை யாரும் நிறுத்தி விசாரிக்க மாட்டார்கள் என்பதால், 19ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுப் பாதிரிமார்கள் இந்தக் கோலத்தில்தான் ஜோசன் நாட்டுக்குள் மறைந்து நடமாடினார்கள். இன்றைய தொடர்களில் ஒற்றர்கள் இதே வேடத்தில் வருவதற்கு அடிப்படை அந்த வரலாறே. இத்தனையையும் ‘தொப்பி’ என்ற ஒரே மூட்டையில் கட்டினால், தமிழ் பார்வையாளர் பாத்திரங்களைப் பிரித்தறியும் முதல் கருவியையே இழக்கிறார்.

‘தொப்பி’ தமிழுக்கு இந்தி, உருது வழியாக வந்த சொல் என்பதற்காக நான் அதை மறுக்கவில்லை. வந்து நிலைத்துவிட்ட சொல் அது, இருக்கட்டும். ஆனால் அதற்குத் தமிழில் ஒரு குறிப்பிட்ட சாயல் படிந்துவிட்டது. காவலர் தொப்பி, பள்ளிக்கூடத் தொப்பி, கிரிக்கெட் தொப்பி, வெயிலுக்குப் போடும் தொப்பி என நினைத்தவுடன் கழற்றக்கூடிய, கழற்றினால் எதுவும் குறைந்துவிடாத பொருளையே அச்சொல் நினைவுக்குக் கொண்டுவருகிறது. 2018இல் வெளிவந்த ‘மிஸ்டர் சன்ஷைன்’ தொடர், 20ஆம் நூற்றாண்டு பிறக்கும் தறுவாயில் நடக்கும் கதை. அதில் கத் அணிந்த பெரியவர்களும் மேலைநாட்டுத் தொப்பி அணிந்த இளைஞர்களும் ஒரே தெருவில் எதிர்ப்படுகிறார்கள். 1895 டிசம்பரில் உச்சிக்கொண்டையை வெட்டச் சொல்லி வந்த ஆணைக்கும், அதற்கு எழுந்த கொதிப்புக்கும் பிந்தைய உலகம் அது. கொண்டை போனால் கத்தும் போகும். கத் போனால் முன்னோர் வழியும் போகும் என்று அஞ்சிய காலம். இரண்டையும் ‘தொப்பி’ என்று எழுதுகிறவர், கதையின் நடுநரம்பை அறுத்துவிடுகிறார். படைவீரர்களும் ஏவலர்களும் அணிந்த கம்பளிப் ‘பொங்கொஜி’க்குத் தொப்பி என்ற சொல் தாராளமாகப் பொருந்தும். அங்கே அதைப் பயன்படுத்துவோம்.

‘தொப்பி’யை விலக்க விரும்பும் தனித்தமிழ் அன்பர்கள் சிலர் முன்வைக்கும் மாற்று, ‘தலைக்குடை’. என் முதன்மையான மறுப்பு இதன்மீதுதான். ஏனெனில், தவறான வேற்றுச்சொல்லைவிடத் தவறான தமிழ்ச்சொல் அதிக நாள் நிலைத்துவிடும். அவர்கள் தரப்பில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். கத்தின் வடிவம் குடையை ஒத்தது. சீன எழுத்தின் மூங்கில் உறுப்பும், மழைக்கும் வெயிலுக்கும் கவிழ்த்த பழைய ஓலைக் கவிப்பிலிருந்தே இது வளர்ந்தது என்பதும் அவர்களுக்குத் துணைநிற்கின்றன. ஆனால் ஒரு பொருள் எதிலிருந்து வந்ததோ அதன் பெயரை அது என்னவாக ஆயிற்றோ அதற்குச் சூட்டலாமா? கொரியர்களே சூட்டவில்லை. நாணலால் பின்னி, மழைக்கும் வெயிலுக்கும் உழவரும் வழிப்போக்கரும் கவிழ்த்துக்கொண்டதற்குச் ‘சத்கத்’ என்று தனிப்பெயர் வைத்திருக்கிறார்கள். கிம் பியொங்-யொன் (1807–1863) என்ற நாடோடிக் கவிஞர், தம் பாட்டனாரையே இழித்து எழுதிவிட்ட நாணத்தால் வானத்தைப் பார்க்கவும் கூசி, வாழ்நாள் முழுவதும் சத்கத் கவிழ்த்தே திரிந்தார் என்பார்கள். அதனாலேயே மக்கள் அவரைக் கிம் சத்கத் என்று அழைத்தார்கள். ‘தலைக்குடை’ என்ற அழகிய சொல் உண்மையில் சத்கத்துக்கே உரியது. அதைக் கத்துக்குக் கொடுத்துவிட்டால், சத்கத் வரும்போது எந்தச் சொல்லை எடுப்பது? அறிஞரையும் நாடோடியையும் ஒரே குடைக்கீழ் நிறுத்துவதுதான் முடிவாகும்.

இன்னொரு தடை, குடை என்ற சொல்லுக்குத் தமிழில் உள்ள ஆழமான பொருளே. ‘கவிகைக்கீழ்த் தங்கும் உலகு’ என்று 389ஆம் குறள் முடிகிறது. வெண்கொற்றக்குடை என்றாலும் அப்படித்தான்: தன்னைச் சார்ந்தவருக்கு நிழல் தருவதுதான் நம் இலக்கியத்தில் குடை. அது அளியின் அடையாளம், தலையில் அணியும் பொருளும் அன்று. கத்தோ யாருக்கும் நிழல் தருவதில்லை, அணிந்தவருக்கே தருவதில்லை. ஜோசன் காலத்து உயர்குடியினர் தம்மை மற்றவரிடமிருந்து பிரித்துக் காட்டுவதற்கு அணிந்த ஒன்றை, எல்லோரையும் தன்கீழ் அணைத்துக்கொள்ளும் சொல்லால் அழைப்பது பொருளைத் தலைகீழாக்குவதாகும். ‘சல்லடைக்குடை’, ‘மயிர்க்குடை’ என்று அடைமொழி சேர்த்தாலும் இந்தத் தவறு நீங்காது.

பெயரை அப்படியே எழுதிவிடலாம் என்பவர்கள் இன்னொரு பக்கம் இருக்கிறார்கள். அவர்களோடு எனக்குப் பெரிய பகை இல்லை; ஆனால் அவர்கள் எழுதுவது ‘காட்’. தமிழ்நாட்டில் அந்த எழுத்துக்கூட்டல் ஆங்கிலக் கடவுளைத்தான் குறித்து வருகிறது. ரோமன் எழுத்தில் பார்த்ததைத் தமிழில் பெயர்த்ததால் வந்த வினை இது. கொரிய ஒலியைக் காதால் கேட்டால் தமிழர்க்கு இதில் சிக்கலே இல்லை. சொல் முதலில் வல்லொலியாகவும், உயிர்களுக்கு இடையில் மெல்லிதாகவும் ஒலிக்கும் ஓர் எழுத்து நம்மிடமும் அவர்களிடமும் உண்டு. நாம் ‘கல்’ என்பதிலும் ‘அகல்’ என்பதிலும் ஒரே ககரத்தை இருவகையாக ஒலிப்பதைப்போலவே அவர்களும் ஒலிக்கிறார்கள். எனவே ‘கத்’ என்று எழுதினாலே போதும்.

அப்படியானால் பொதுப்பெயர் எது? ‘தலையணி’ என்பதே என் துணிபு. ‘அணி’ என்ற சொல்லுக்கு அணிவது என்றும் அழகு என்றும் வரிசை என்றும் பொருள் உண்டு; கத் இம்மூன்றுமே ஆகும். தலையணை என்று யாராவது தவறாகப் படித்துவிடுவார்களே என்று ஒரு தயக்கம் எழலாம். வாக்கியத்தில் வைத்துப் படிக்கும்போது அந்த மயக்கம் இராது. பிறநாட்டார் உடைக்குத் தெளிவான தமிழ்ப்பெயர் சூட்டுவதும் நமக்குப் புதிதன்று. யவனர் உடலை மூடிய தைத்த சட்டையைக் கண்ட முல்லைப்பாட்டு, ‘மெய்ப்பை’ என்று சொல்லிவிட்டு மேலே சென்றது. கேட்டவுடன் பொருள் விளங்குகிறது. வேறு எதனோடும் குழம்புவதில்லை. எனவே தொடரில் முதன்முறை வரும்போது ‘கத் என்னும் தலையணி’ என்று எழுதலாம். பின்னர் இடத்துக்கேற்பக் ‘கத்’ என்றோ ‘தலையணி’ என்றோ சொல்லலாம். அரசனுடையது ‘சிறகுமுடி’, அமைச்சருடையது ‘பதவித் தலையணி’, துக்கம் காப்பவருடையது ‘துக்கக் கவிப்பு’, சத்கத் ‘தலைக்குடை’ என்று பிரித்துக்கொண்டால், ஒரு வரிக்கு ஐந்தாறு எழுத்துகளுக்கு மேல் அதிகமாகாது.

இடம் போதவில்லை என்பதுதான் மொழிபெயர்ப்பாளர்கள் வழக்கமாகச் சொல்லும் காரணம். எனக்குத் தெரிந்தவரை, உண்மைக் காரணம் அவர்கள் கொரிய வசனத்தைக் காதில் வாங்காமல், ஆங்கில வரியை மட்டும் கண்ணால் பார்த்து எழுதுவதே. அங்கே ஒரே சொல் இருந்தால் இங்கேயும் ஒரே சொல்தான் வருகிறது. மார்புக்கு மேல் சுற்றிக் கட்டும் ‘சிமா’ கவுன் ஆவதும், நீண்ட ‘துருமகி’ கோட்டு ஆவதும், பெண்கள் உடை மொத்தமும் ஜப்பானியரின் ‘கிமோனோ’ ஆவதும் இதனால்தான். அந்தக் கடைசித் தவறு வெறும் கவனக்குறைவு அன்று. ஜப்பானிய ஆட்சியில் 35 ஆண்டுகள் அடிமைப்பட்டிருந்த ஒரு மக்களின் உடைக்கு ஆண்டவர்களின் உடைப்பெயரைச் சூட்டுவது. 2019இல் ‘கிங்டம்’ தொடர் வெளிவந்தபோது உலகெங்கும் பார்வையாளர்கள் அதன் தலையணிகளைத் தனித்துப் பேசினார்கள். ஒவ்வொன்றுக்கும் பெயர் என்ன என்று தேடினார்கள். தமிழ் பார்வையாளருக்கும் அந்த ஆர்வம் உண்டு. முற்றத்தில் மண்டியிட்ட அந்த முதியவருக்கு ‘தம் தலையணியைத் துறந்தார்’ என்று எழுதியிருந்தால், அவர் தம் பதவியையும் குடிப்பெருமையையும் அரசன் காலடியில் வைத்துவிட்டார் என்பது எந்த அடிக்குறிப்பும் இல்லாமலே விளங்கியிருக்கும்.