நாலாவது பிஸ்டன்

எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டவர்களுக்குத் தெரியும், அங்கே கார் ஓடும் நேரத்தைவிட நிற்கும் நேரம்தான் அதிகம். என்ஜின் ஐடிலிங்கில் கிடக்கும். பழைய மாட்டிஸ் என்ற சின்ன காரில் அப்போது கியர் கம்பியைத் தொட்டால் கையில் ஒரு நடுக்கம் ஏறும். அதற்கு அடுத்து வந்த ஸ்பார்க்கில் அந்த நடுக்கம் நன்றாகக் குறைந்துவிட்டது.

மாட்டிஸைத் தயாரித்த கொரியாவின் டேவூ கார் நிறுவனம் 2000இல் திவாலானது. 2002இல் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் அதன் பெரும்பகுதியை வாங்கியது. மாட்டிஸின் புதிய வடிவம் 2007இல் ஷெவர்லே ஸ்பார்க் என்ற பெயரில் இந்தியாவுக்கு வந்தது. முகப்பு விளக்கும் பம்பரும் மாறியிருந்தன, சரி. ஆனால் பெரிய மாற்றம் பானெட்டுக்கு அடியில் இருந்தது. 796 சிசி, மூன்று சிலிண்டர் என்ஜின் போய் 995 சிசி, நான்கு சிலிண்டர் என்ஜின் வந்தது.

ஒரு சிலிண்டர், கிராங்க் என்ற சுழல்தண்டு இரண்டு சுற்று (720 டிகிரி) முடிப்பதற்குள் ஒரே ஒரு முறைதான் எரிபொருளை எரித்துத் தள்ளும். அந்தத் தள்ளு 180 டிகிரிக்குள் அடங்கிவிடும். மூன்று சிலிண்டரில் 240 டிகிரிக்கு ஒரு தள்ளு. அப்படியென்றால் குறைந்தது 60 டிகிரிக்குத் தள்ள ஆளே இல்லை, ஃபிளைவீல் என்ற கனமான சக்கரம்தான் தன் வேகத்தில் இழுத்துக்கொண்டு போகிறது. காசிமேட்டில் படகைக் கரையேற்றும்போது கயிற்றை நிறுத்தி நிறுத்தி இழுத்தால் படகு குலுங்குமே, அதே கதைதான். நான்கு சிலிண்டரில் 180 டிகிரிக்கு ஒன்று. ஒருவர் கை ஓயும்போது அடுத்தவர் பிடித்துவிடுகிறார்.

நடுக்கம் குறைந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு, எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். மூன்று பிஸ்டன்களும் (சிலிண்டருக்குள் நகரும் உலோக உருளைகள்) 120 டிகிரி இடைவெளியில் ஏறி இறங்கும்போது, ஒரு முனையில் இருப்பது மேலே போகும் நேரத்தில் மறுமுனையில் இருப்பது கீழே வரும். அலையில் ஃபைபர் படகின் மூக்கு தூக்கி, பின்பக்கம் தாழ்வதைப்போல என்ஜின் முனைக்கு முனை ஆடும். நான்கில், ஓரத்து இரண்டும் சேர்ந்து ஏறும், நடுவில் இருக்கும் இரண்டும் சேர்ந்து இறங்கும். இருபுறமும் கண்ணாடிப் பிம்பம்போல இருப்பதால் அந்த ஆட்டம் அங்கேயே அடங்கிவிடும்.

பிஸ்டன் கூடினால் உராய்வும் கூடும், மைலேஜுக்கு அது நல்லதில்லை. அதனால்தான் இன்றைய சின்ன கார்கள் பல மறுபடியும் மூன்றுக்கே வந்துவிட்டன. மிச்ச ஆட்டத்தை என்ஜினைத் தாங்கும் மவுண்டிங் ரப்பர் வாங்கிக்கொள்கிறது.

அப்புறம், உங்கள் பழைய ஸ்பார்க் சிக்னலில் மாட்டிஸ்போல நடுங்க ஆரம்பித்தால், ஏதோ ஒரு சிலிண்டர் சரியாக எரியாமல் மிஸ்ஸிங் ஆகிறதா என்று முதலில் தீப்பொறி தரும் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். அடுத்தது மவுண்டிங்.